நிறைபுத்தரிசிக்கு வந்த இரண்டு கட்டுகள்

ஒரு விதையைப் பலவாக்கும் வித்தையை மண்ணுக்குள் ஒளித்து வைத்தவனே, பொதிகையில் மழையாய் இறங்கிப் பொருநையில் நீராய் நடந்து வாய்க்கால் வழியே வயலில் வந்து நிற்பவனே, அடியவன் உலர்த்திய நெல் நனையாதபடி வேலியாய் நின்று காத்தவனே, நடந்ததை நடந்தபடி சொல்ல இந்தக் கிழவனின் கைக்குத் துணையிரு.

ஆவணித் திங்கள், வளர்பிறை மூன்றாம் நாள், அத்த நட்சத்திரம் கூடிய வெள்ளிக்கிழமை. இராகு காலம் தொடங்குமுன் எழுத அமர்ந்தேன். நல்ல நாளில் தொடங்கினால் உள்ளத்தில் குழம்பிக் கிடப்பது தெளிந்து வரும் என்று நம்பினேன். முதல் வரியை எழுதி முடித்தபோது அந்த நம்பிக்கை பாதியாகிவிட்டது. ஆயினும் எழுதுகிறேன்.

எங்கள் ஊர்ச் சிவாலயத்தில் ஆடி அமாவாசை கழிந்த வளர்பிறையில், பஞ்சாங்கம் குறிக்கும் ஒரு நாளில், நிறைபுத்தரிசி நடைபெறும். அவ்வாண்டு விளைந்த முதற்கதிரைக் கட்டாகக் கட்டித் தலையில் ஏந்தி, மேளத்தோடு பிராகாரம் சுற்றிச் சந்நிதிக்குக் கொண்டுவருவார்கள். அதில் ஒரு பிடி நெல்லைக் கொடிமரத்தருகே கசக்கி அரிசியாக்கி அன்றைய நிவேதனத்தில் சேர்ப்பார்கள். எஞ்சிய கதிர்கள் அடியார்களுக்கு. அவர்கள் வாங்கிச் சென்று வாசல் நிலையில் கட்டிக்கொள்வார்கள். அந்த முதற்கட்டைக் கொடுக்கும் பணி எங்கள் குடும்பத்துக்கு வாய்த்தது. சந்நிதியில் பதிகம் பாடுகிறவனும் நானே ஆகையால், அந்த ஒரு நாளில் மட்டும் தலையில் கதிரும் வாயில் பாட்டுமாக நிற்பேன். வாழ்நாளில் நான் தடுமாறாமல் செய்த காரியங்கள் சிலவே; இது அவற்றுள் ஒன்றாக இருந்தது.

வயல் என்னுடையது என்று சொல்வது பத்திரப்படி சரி. அதில் இறங்கி உழைப்பவர் வேறொருவர். என்னைவிடச் சில வயது இளையவர். என் தகப்பனார் காலத்திலிருந்து அவர் வீட்டார்தாம் அதைப் பயிரிடுகிறார்கள். ஆண்டுதோறும் வயலின் மேற்கு மூலையில் ஒரு சிறு பகுதியை அணைத் தண்ணீருக்குக் காத்திராமல் கிணற்று நீரைக் கொண்டே முன்னதாக விதைத்து, ஆடியில் கதிர் முற்றும்படி செய்வது அவர் பொறுப்பு. கட்டை அறுத்துத் தருவதும், கொடிமரத்தடியில் அந்த ஒரு பிடி நெல்லைக் கசக்கிச் சுளகில் புடைத்துக் கொடுப்பதும் அவர் கைகள்தாம். ஊரார் என் தலைமேல் இருக்கும் கட்டைப் பார்ப்பார்கள். அவரோ பட்டர் நீட்டும் தட்டில் விழுகிற அரிசியைப் பார்ப்பார்.

இவ்வாண்டு கோடையில் கிணறு வற்றிவிட்டது. விதைப்பு தள்ளிப்போயிற்று. குறித்த நாளுக்குச் சில நாள் முன்பு நாங்கள் இருவரும் வரப்பில் நின்றோம். அவர் ஒரு மணியைப் பறித்து நகத்தால் கீறினார். வெள்ளையாய்ப் பால் கசிந்தது.

“இன்னும் பால்தான் அண்ணாச்சி. நாளக் கொஞ்சம் தள்ளிப் போட முடியாதா?”

“பஞ்சாங்கத்த நானா வே எழுதுதேன்?”

“அப்பம் கிணத்த நானா வத்த வச்சேன்?”

இருவர் கேள்விகளும் நியாயமானவை. பால் பிடித்த கதிரில் அரிசி ஏது? அரிசி இல்லாமல் புத்தரிசி ஏது?

பட்டரிடம் சென்று சொன்னேன். அவர் நல்லவர், இளையவர், எதற்கும் கலங்காதவர். “அண்ணாச்சி, வண்ணார்பேட்டையில ஒரு பூக்கடையில சொல்லி வச்சா கட்டுக் கட்டா வந்து இறங்கிடும். எதுக்கு மனசைப் போட்டு அலட்டிக்கறேள்?” என்றார்.

“எந்த வயல், யார் அறுத்தது, ஒண்ணும் தெரியாதே.”

“கடைக்காரனுக்கே தெரியாது. அதனால நமக்கு வம்பு இல்லை.”

அந்தத் தெளிவு எனக்கு வரவில்லை. ஊர் பேர் அறியாத நெல்லைத் தலையில் ஏந்திக்கொண்டு, எங்கள் வயல் முதற்கதிர் என்னும் பாவனையில் பிராகாரம் சுற்றுவதா? வெறுங்கையோடு போய் நிற்பதா? இரண்டையும் மாறி மாறி எண்ணியபடி நகரத்திலிருந்து பேருந்தில் திரும்பிக்கொண்டிருந்தபோதுதான், சேரன்மாதேவிச் சாலையில், மூடிக் கிடந்த பழைய நெல் அரவை ஆலையின் வாசலில் ‘நெல் அருங்காட்சியகம்’ என்ற பலகை கண்ணில் பட்டது. முன்பும் பட்டிருக்கிறது. அன்றுதான் இறங்கினேன்.

வாசலில் செருப்பைக் கழற்றினேன். அங்கிருந்த காவலாளி, “செருப்போடயே போகலாம் ஐயா” என்றார். மீண்டும் மாட்டிக்கொண்டேன். உள்ளே போனதும், கண்ணாடிப் பெட்டிக்குள் மரக்கால், நாழி, நெல் அளக்கும் உழக்கு எல்லாம் வரிசையாய் இருந்ததைக் கண்டு, செருப்போடு நிற்பது தகாது என்று தோன்றி மீண்டும் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டேன். கோவிலில் பார்க்கும்போது கை தானாகக் குவியும். கடையில் பார்க்கும்போது விலை கேட்கக் கை நீளும். இங்கே பார்ப்பதற்குக் கைகளை எப்படி வைத்துக்கொள்வது என்று எனக்குத் தெரியவில்லை. செருப்பு இருந்ததனால் அந்தச் சிக்கல் தற்காலிகமாகத் தீர்ந்தது.

நெல் வகைகள் சீசாக்களில் நின்றன. கறுப்பு, சிவப்பு, பொன்னிறம், வைக்கோல் நிறம். ஒவ்வொன்றின் கீழும் பெயர் எழுதியிருந்தது. உண்ணப் பிறந்த ஒன்று உண்ணப்படாமல் நிற்பதைப் பார்க்கையில் அது துறவு பூண்டதோ, சிறைப்பட்டதோ என்று விளங்கவில்லை.

அப்போது ஓர் அம்மையார் வந்தார். பாளையங்கோட்டையில் கல்லூரியில் தாவரவியல் கற்பித்து ஓய்வு பெற்றவர். இந்த இடத்தை அவரே கவனித்துக்கொள்கிறார். என் கையில் செருப்பைக் கண்டு, “ஐயா, கால்ல போட்டுக்கோங்க. நெல்லு ஒண்ணும் கோவிச்சுக்காது” என்றார்.

பின்புறம் அழைத்துச் சென்றார். அவித்த நெல் காயப்போடும் சிமெண்டுக் களமாக முன்பு இருந்த இடம் அது. தளத்தை உடைத்து மண் நிரப்பி, ஆழ்குழாய் நீர் விட்டுச் சிறு சிறு பாத்திகளாக நெல் பயிரிட்டிருந்தார்கள். பல பாத்திகள் பச்சை. ஒரு பாத்தி மட்டும் தலை சாய்ந்து பொன்னாய் நின்றது. அறுபது நாளில் விளையும் அறுபதாங்குறுவை என்றார். ஒரு கதிரைக் கையில் தாங்கிப் பார்த்தேன், மணிகள் கனத்தன.

வந்த காரியத்தைச் சொன்னேன். நிறைபுத்தரிசி என்றால் என்ன என்பதை விளக்க வேண்டியிருக்கும் என்று நினைத்தேன்.

“தெரியும் ஐயா. எங்க சபையிலயும் முதற்பலன் கொண்டு போறது உண்டு. எங்க அப்பா முருங்கைக்காய்கூட முதல்ல காய்ச்சத கோயிலுக்குக் கொண்டு போய்க் குடுத்த பிறகுதான் வீட்டுல குழம்பு வைக்கவே விடுவாங்க” என்றார். சிறிது யோசித்து, “விதைக்கு எடுத்தது போக ஒரு கட்டு அறுக்கலாம். ஆனா அறுக்கும்போது நானும் நிப்பேன். இதுக்குத் தண்ணி விட்டவ நான்” என்று சேர்த்தார்.

எனக்கு அங்கேயே ஓர் ஐயம் முளைத்தது. “இந்தக் கதிரை யாரும் வாயில் வைத்ததில்லையே?”

அவர் சிரித்தார். “முன் வரிசைய ஸ்கூல் பிள்ளைங்க உருவி உருவிக் கடிச்சுப் பாக்கும். நான்தான் கடிச்சுப் பாருங்கன்னு சொல்லுதேன். பின்னால உள்ள வரிசைக்கு யாரும் போக முடியாது, சகதி.”

“பின்வரிசையை மட்டும் அறுப்போம். ஆனாலும் அதையும் எல்லாரும் பார்த்திருப்பார்களே.”

“பாக்கத்தான ஐயா வச்சிருக்கோம்?”

அதுதான் என் தொல்லை. முகர்ந்த மலரை இறைவனுக்குச் சாத்தலாகாது என்பது விதி. மூக்கினால் நுகர்ந்தால் குற்றம் என்றால் கண்ணினால் நுகர்ந்தால்? காட்சிக்கென்றே விதைத்து, சீட்டு வாங்கி வந்தவர்கள் எல்லாரும் கண்ணாரக் கண்டு களித்த கதிர் இது. வயலில் நிற்கும் கதிரையும் வழிப்போக்கர் பார்க்கத்தான் செய்கிறார்கள். ஆனால் அது அவர்களுக்காக விளையவில்லை. அம்மையாரிடம் இதைச் சொன்னேன். அவர் சிரிக்கவில்லை. “எங்க அப்பா நல்ல காயாத் தேடிப் பாத்துத்தான் எடுப்பாங்க. பாக்காம எப்படி ஐயா நல்லதக் குடுக்கது?” என்றார். அது சரியென்று பட்டது. பேருந்தில் ஏறியதும் சரியில்லை என்று பட்டது. பட்டரிடம் கேட்டபோது, “பார்த்தாலே தோஷம்னா நம்ம ஊர் நந்தவனத்துல ஒரு பூகூடத் தேறாது அண்ணாச்சி” என்று முடித்துவிட்டார்.

பயிரிடுகிறவரிடம் நேரில் சென்று சொன்னேன். அவர் மண்வெட்டிக்குக் காம்பு மாற்றிக்கொண்டிருந்தார்.

“மியூசியத்துல இருந்தா?”

“ஆமா.”

“அண்ணாச்சி, செத்தவுகளத்தான் படம் பிடிச்சு மாலை போட்டு மாட்டுவாக. நான் இன்னும் வயல்லதான் நிக்கேன். அதுக்குள்ள எனக்கு மியூசியம் வச்சாச்சா?”

“உமக்கு இல்ல வே, நெல்லுக்கு.”

“நெல்லும்தான் நிக்கி.”

“பாலால்லா நிக்கி.”

அவர் காம்பைக் கல்லில் தட்டி இறுக்கினார். நான் இன்னும் சற்று நின்றுவிட்டு வந்தேன். சம்மதித்தாரா, வெறுத்தாரா என்று அவர் முதுகைப் பார்த்து என்னால் சொல்ல முடியவில்லை.

குறித்த நாள் காலையில் ஆற்றில் நீராடி, ஆலைக் களத்துக்குச் சென்றேன். அம்மையார் தலைக்கு முக்காடிட்டுக்கொண்டு பாத்தியோரம் நின்றார். சகதியில் இறங்கி, கிழக்கு நோக்கி நின்று, பின்வரிசைக் கதிரை நானே அறுத்தேன். அரிவாள் பிடித்துப் பழகாத கை. தாள்கள் ஏற்றமும் இறக்கமுமாக வந்தன. அம்மையார் கண்ணை மூடி ஏதோ வாய்க்குள் சொல்லிக்கொண்டார். நானும் வாய்க்குள் சொல்லிக்கொண்டேன். பிறகு அவர் கட்டைத் தூக்கி என் தலையில் வைத்தார். ஆட்டோவில் தலைச்சுமையோடு உட்கார முடியாது என்பது அதன்பிறகுதான் எங்கள் இருவருக்கும் நினைவு வந்தது. மடியில் வைத்துக்கொண்டு போனேன். கீழே வைக்கலாகாது என்பது விதி. மடி கீழா மேலா என்று வழியெல்லாம் யோசித்தேன்.

கோபுர வாசலில் இறங்கியபோது மேளக்காரர்கள் காத்திருந்தார்கள். அவர்களுக்குப் பக்கத்தில், ஈர வேட்டியோடு, தலையில் ஒரு பச்சைக் கட்டோடு பயிரிடுகிறவர் நின்றார். வயலிலிருந்து நடந்தே வந்திருந்தார். தாள்கள் ஒரே அளவாய், விசிறி விரித்தாற்போல அழகாய் இருந்தன. மணிகளில் பச்சை மாறவில்லை.

“என்ன வே இது?”

“வருசா வருசம் கொண்டு வருதது. இந்த வருசம் மட்டும் கொண்டு வராம இருக்கணும்னு யாரும் எங்கிட்ட சொல்லலியே.”

நான் கட்டு வேறிடத்திலிருந்து வருகிறது என்றுதான் சொன்னேன். அவர் கொண்டுவர வேண்டாம் என்று சொல்லவில்லை. உண்மைதான். அரைகுறைப் பச்சையில் அறுத்ததனால் அவருக்கு அந்த மூலையின் விளைச்சலே போயிற்று. அதையும் அறிந்துதான் அறுத்திருக்கிறார்.

நல்ல நேரம் கடந்துகொண்டிருந்தது. பட்டர் உள்ளிருந்து ஆளனுப்பினார். வேறு வழி தோன்றாமல் நான் பொன்னிறக் கட்டோடும் அவர் பச்சைக் கட்டோடும் பிராகாரம் சுற்றினோம். யார் முன்னே போவது என்பதிலும் குழப்பம். முதல் திருப்பத்தில் நான் முன்னே, இரண்டாவது திருப்பத்தில் அவர் முன்னே. பார்த்த பெண்கள் இவ்வாண்டு இரண்டு கட்டு என்று மகிழ்ந்து கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள்.

சந்நிதிக்கு எதிரே கொடிமரத்தடியில் இரண்டு கட்டுகளும் வைக்கப்பட்டன. பட்டர் இரண்டையும் பார்த்தார், எங்கள் இருவரையும் பார்த்தார். “புத்தரிசிக்கு எது?” என்றார்.

நான் வாய் திறக்குமுன் பயிரிடுகிறவரே குனிந்து தம் கட்டிலிருந்து ஒரு கதிரை உருவி உள்ளங்கையில் வைத்துக் கசக்கினார். விரல்களுக்கிடையே பால் வழிந்தது. மீண்டும் ஒரு கதிர். மீண்டும் பால். தட்டு வெறுமையாக இருந்தது. அவர் கையைத் துண்டில் துடைத்துக்கொண்டு நிமிர்ந்தார், என்னைப் பார்க்கவில்லை.

நான் பொன்னிறக் கட்டிலிருந்து சில கதிர்களை எடுத்து அவரிடமே நீட்டினேன். அவர் கையால் அரிசியானால் அவர் பணி குறைபடாது என்ற எண்ணம். அதை அன்பு என்று எண்ணினேன். அவருக்கு அது தண்டனையாகப் பட்டிருக்கக்கூடும் என்பது நீட்டிய பிறகே தோன்றியது. அவர் வாங்கிக்கொண்டார். ஒரு கதிரைத் தூக்கிப் பிடித்து வெளிச்சத்தில் பார்த்தார். ஒரு மணியைக் கிள்ளினார். வாயில் போட்டுக் கடித்தார்.

‘நொறுக்’கென்று அது உடைந்த ஓசை எனக்குக் கேட்டது.

“நல்ல முத்தல்,” என்றார். “ஈரம் இல்ல. ஒரு வாரம் முன்னாலயே அறுத்திருக்கணும்.”

களத்து மேட்டில் அவர் வாழ்நாளெல்லாம் செய்தது அது. நெல் என்று கையில் வந்தால் பல் அதைத் தேடிப் போகும். சொல்லி முடித்தபிறகுதான் தாம் எங்கே நிற்கிறோம் என்று அவருக்குத் தெரிந்தது. கை அப்படியே அந்தரத்தில் நின்றது.

தான் சுவைத்துப் பார்த்ததையே இறைவனுக்கு ஊட்டிய அன்பரைப் பாடும்போதெல்லாம் என் குரல் தழுதழுக்கும். அந்த இடத்தில் கண் கலங்காமல் நான் ஒருநாளும் பாடியதில்லை. விதியறிந்தவன் பதைத்துப்போய் ஓரமாய் நிற்க, அன்பு மட்டும் அறிந்தவன் உள்ளே போன கதை அது. அதை இத்தனை காலம் பாடியவன், என் முன்னே ஒருவர் ஒரு நெல்லைக் கடித்ததும், முதலில் எண்ணியது எச்சில் என்ற ஒன்றைத்தான். அடுத்தபடி அந்தக் கதையை எண்ணினேன். அதற்கடுத்து, இவர் அன்பினால் கடித்தாரா, பழக்கத்தினால் கடித்தாரா, மாற்றார் நெல் என்ற மனத்தாங்கலினால் கடித்தாரா என்று ஆராயத் தொடங்கினேன். கதையில் வரும் விதியறிந்தவனும் இப்படித்தான் ஆராய்ந்துகொண்டு நின்றிருப்பான் போலும்.

“அண்ணாச்சி, நேரம்,” என்றார் பட்டர் தாழ்ந்த குரலில். “கடிச்சது ஒரு மணி. தோஷம் அந்தக் கதிருக்கு மட்டுமா, கட்டு முழுக்கவா? நீங்க சொல்லுங்கோ.”

எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். கட்டு முழுவதும் ஆகாது என்றால் இவ்வாண்டு புத்தரிசி இல்லை. அவர் இனி அந்தக் கொடிமரத்தடிக்கு வரவும் மாட்டார். ஆகும் என்றால், நான் இத்தனை நாள் மடி கீழா மேலா என்று பார்த்த விதிகளுக்கு என்ன பொருள்? சொல்ல வாயைத் திறந்தேன். சொல் வரவில்லை. திறந்த வாயை மூடவும் கூசியது. வாய் பழகியதைச் செய்தது: பதிகத்தைப் பாடத் தொடங்கிவிட்டேன்.

நான் பாடியதைச் சம்மதம் என்று பட்டர் கொண்டார். மேளக்காரர் அதற்காகவே காத்திருந்தவர் போல ஓங்கி அடித்தார். கடிபட்ட கதிரை மட்டும் பயிரிடுகிறவர் கையிலிருந்து பட்டர் மெல்ல வாங்கி என்னிடம் தந்துவிட்டு, “மத்ததக் கசக்கும் வே, சீக்கிரம்” என்றார். அவர் கசக்கினார். உதடுகளை இறுக மூடிக்கொண்டிருந்தார். சுளகில் உமி பறந்தது. தட்டில் அரிசி விழுந்தது, சிவந்த நிறத்தில். நான் பாடிக்கொண்டே இருந்தேன். அன்று எந்த அடியை இரண்டு தரம் பாடினேன், எதை விட்டேன் என்று தெரியாது.

அடியார்களுக்குப் பெரும்பாலும் பச்சைக் கதிர்தான் போயிற்று. அவர் ஒன்றும் வாங்கிக்கொள்ளவில்லை. நான் செருப்பைத் தேடி வாசலுக்கு வந்தபோது படியில் உட்கார்ந்திருந்தார்.

“வாய் தானாப் போயிட்டு அண்ணாச்சி.”

“தெரியும் வே.”

“சாமி முன்னால…”

“நல்ல நெல்லுன்னு சொன்னீருல்லா. அதுவும் சாமிக்குக் கேட்டிருக்கும்.”

“நம்ம நெல்லு இல்லங்கதும் கேட்டிருக்குமே,” என்று சொல்லி எழுந்து, பைய வயல் பக்கம் நடந்தார்.

கூப்பிட்டு ஏதாவது சொல்லியிருக்க வேண்டும். அதன்பிறகும் அவர் வீட்டுக்கு வருகிறார், தண்ணீர் நிலவரம் சொல்கிறார், காப்பி குடிக்கிறார். புத்தரிசியைப் பற்றி இருவரும் பேசுவதில்லை. ஊரில் பல வாசல்களில் பச்சைக் கதிர்கள் உலர்ந்து, உள்ளே அரிசியில்லாத சாவியாகத் தொங்குகின்றன. யாரும் என்னிடம் குறை சொல்லவில்லை, சொன்னால் தேவலை.

கடித்த கதிர் அன்று என் மேல்துண்டில் முடிந்திருந்தது. வீட்டுக்கு வந்ததும் அதை என்ன செய்வதென்று திகைத்தேன். பூசையறையில் வைக்க எச்சில் தடுத்தது. குப்பையில் போட நெல் தடுத்தது. ஆற்றில் விடலாம் என்று வாசல்வரை போய்த் திரும்பினேன். என் மனைவி பார்த்துக்கொண்டே இருந்துவிட்டு, “அது எந்தக் கட்டுல உள்ளது?” என்றாள்.

“அவரு கடிச்சுப் பாத்தது.”

“அவரு கடிச்சுப் பாத்தா நல்லதாத்தான் இருக்கும்,” என்று சொல்லி, ஸ்டூலை இழுத்துப் போட்டு அசையாமல் பிடித்துக்கொண்டாள். ஏறி, வாசல் நிலையில் கட்டினேன். கட்டும்போது கை கூப்புவதா வேண்டாமா என்று தெரியாததால், நூலை இன்னொரு முடிச்சுப் போட்டு இறுக்கினேன். செய்தது சரியா என்று நான் அறியேன். அறிந்தவன் இன்னும் சொல்லவில்லை.

இதைப் படித்தவர்களும், பிறர் படிக்கக் கேட்டவர்களும், பொறுமையிழந்து பாதியில் மூடி வைத்தவர்களும் நலமாக வாழ்க. அவர்கள் வீட்டுப் பானையில் அரிசியும், கிணற்றில் நீரும், உண்ணும் வேளையில் பக்கத்தில் அமர ஒருவரும் குறையாதிருக்க, பொருநைக் கரையில் நிற்கும் பெருமான் அருள்வானாக.